பால்கனியில் உட்கார்ந்திருந்தவர்

நண்பர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

1983 மார்ச் 25. கலிபோர்னியாவில் பாசடீனா சிவிக் ஆடிட்டோரியம். அமெரிக்கக் கறுப்பின மக்களின் சோல் இசை என்றதும் உலகம் நினைக்கிற மோட்டவுன் இசைத்தட்டுக் கம்பெனியின் 25-ஆம் ஆண்டு விழா அங்கே நடந்தது. மே 16 அன்று என்பிசி தொலைக்காட்சி அதை ஒளிபரப்பியது. கோடிக்கணக்கானவர்கள் பார்த்தார்கள். மைக்கேல் ஜாக்சன் முதன்முதலாக மூன்வாக் ஆடிக் காட்டியது அந்த மேடையில்தான். அண்ணன் தம்பிகளோடு பழைய பாட்டுகளைப் பாடி முடித்துவிட்டு, கம்பெனிக்குச் சொந்தமில்லாத தன் புதுப் பாட்டை எடுத்தார். சில விநாடிதான் பின்னோக்கி வழுக்கினார். அதை இன்றைக்கும் குழந்தைகள் வீட்டுக் கூடத்தில் ஆடிப் பார்க்கிறார்கள்.

அந்த ஆட்டத்தைப் பற்றி எழுதாதவர் இல்லை. நான் பேச வந்தது அன்றைக்கு மேடை ஏறாத ஒருவரைப் பற்றி.

அதற்கு மோட்டவுன் பிறந்த டெட்ராய்ட் நகரத்துக்குப் போக வேண்டும். ஃபோர்டு கம்பெனியின் கார் தொழிற்சாலையில் வேலை பார்த்த பெர்ரி கார்டி, 1959-இல் குடும்பத்தாரிடம் 800 டாலர் கடன் வாங்கி இந்தக் கம்பெனியைத் தொடங்கினார். வெஸ்ட் கிராண்ட் பூல்வார்டில் ஒரு சாதாரண வீடு. அதில் படியிறங்கிப் போகிற ஒரு சின்ன அறைதான் ஸ்டூடியோ. கூரையிலிருந்து ஒயர்கள் தொங்கும். அதனால் வாசிக்கிறவர்கள் அதற்குப் 'பாம்புக் குழி' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். பாடகர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். வாசித்தவர்கள் பெரும்பாலும் அதே கூட்டம்தான். ஃபங்க் பிரதர்ஸ் என்று அவர்களைச் சொல்வார்கள். இசைத்தட்டு உறையில் அவர்கள் பெயர் இருக்காது.

அந்தக் கூட்டத்தில் பேஸ் கிட்டார் வாசித்தவர் ஜேம்ஸ் ஜேமர்சன். வலது கை ஆள்காட்டி விரல் ஒன்றால் மட்டுமே தந்தியை மீட்டுவார். கம்பி அறுந்தால் ஒழியப் புதுக் கம்பி போட மாட்டார். அதுவரை பேஸ் என்றால் அடியில் கிடந்து தாளத்துக்கு முட்டுக் கொடுக்கிற வாத்தியம். ஜேமர்சன் கையில் அது தனியாக ஒரு பாட்டே பாடியது. பாடகர் மூச்சு விடுகிற இடைவெளியில் ஓடிப் போய்த் திரும்பி வரும். என்னைக் கேட்டால், மோட்டவுன் பாட்டு கேட்டதும் கால் தானாகத் தாளம் போடுவதற்குப் பாதிக் காரணம் அந்த ஒற்றை விரல்.

1972-இல் கம்பெனி லாஸ் ஏஞ்சல்ஸுக்குக் குடிபெயர்ந்தது. அன்றைக்கு வேலைக்கு வந்தவர்கள், கதவில் ஒட்டியிருந்த காகிதத்தைப் பார்த்துத்தான் வாசிப்பு இல்லை என்று தெரிந்துகொண்டார்களாம். ஜேமர்சன் பின்னாலேயே போனார். அங்கே பழைய மாதிரி வேலை கிடைக்கவில்லை. குடி உடம்பைத் தின்றது.

இப்போது அந்த இரவுக்கு வருவோம். மோட்டவுனின் பாடகர் குழுக்களான டெம்ப்டேஷன்ஸும் ஃபோர் டாப்ஸும் எதிரெதிரே நின்று போட்டிப் பாட்டு பாடுகிறார்கள். 'மை கேர்ள்' வருகிறது, அரங்கம் கொதிக்கிறது. பாடகர் மார்வின் கே பியானோ முன்னால் உட்கார்ந்து, கறுப்பின மக்களின் இசை எங்கிருந்தெல்லாம் வந்தது என்று மெதுவாகப் பேசிவிட்டு, எழுந்து 'வாட்ஸ் கோயிங் ஆன்' பாடுகிறார். 1971-இல் வந்த அந்த ஆல்பத்தின் உறையில்தான் வாசித்தவர்கள் பெயர் ஒருவழியாக அச்சானது. 'ஈடு இணையற்ற ஜேம்ஸ் ஜேமர்சன்' என்றே போட்டிருந்தார்கள்.

அந்த ஜேமர்சனுக்கு விழாவுக்கு அழைப்பு இல்லை. டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்து பால்கனியில் உட்கார்ந்து பார்த்தார். தான் நெய்த சேலையைக் கல்யாண வீட்டு வாசலில் நின்று பார்க்கிற நெசவாளியைப் போல என்று எனக்குத் தோன்றும். அன்றைக்கு அவர் மனதில் என்ன ஓடியிருக்கும்? நினைத்தாலே எனக்குத் தொண்டை அடைக்கிறது.

விழா தொலைக்காட்சியில் வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. ஆகஸ்ட் 2 அன்று இறந்துபோனார். வயது 47. 2000-இல், இசையில் சாதித்தவர்களைக் கௌரவிக்கிற ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் அவர் பெயரைச் சேர்த்தார்கள்.

விழாவைக் குறை சொல்லி ஒதுக்க நான் வரவில்லை. அந்த ஒளிப்பதிவை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன், இனியும் பார்ப்பேன். ஆனால் மேடையில் பழைய பாட்டு தொடங்கும்போதெல்லாம் என் கண் பால்கனி இருட்டைத் தேடுகிறது.

இப்போது 'மை கேர்ள்' பாட்டை ஒலிக்கச் சொல்லியிருக்கிறேன். பாடகர் வாய் திறப்பதற்கு முன்னால், கிட்டார் சேர்வதற்கும் முன்னால், அடியில் ஒன்று இதயம் மாதிரித் துடிக்கும். அவர்தான்.