மரத்தூளுக்குள் ஓர் ஏரி

(வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். அறிவிப்பைப் பார்த்துவிட்டு, "ஐஸைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது?" என்று கேட்ட நண்பர் முன்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். அவர் எழுந்து போவதற்குள் விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

ஐம்பது வயது தாண்டியவர்களுக்கு நினைவிருக்கும். கல்யாண வீட்டுக்கு ஐஸ் பேக்டரியிலிருந்து பாளம் பாளமாக வந்து இறங்கும். கோணியைப் பிரித்தால் உள்ளே மரத்தூள். அதைக் கழுவிவிட்டு, சுத்தியலால் உடைத்து ரோஸ்மில்க் அண்டாவில் போடுவார்கள். சின்ன வயதில் ஒருமுறை பல்லில் தூள் நெருடவே, இந்தக் குப்பை எதற்கு என்று சமையல்காரரிடம் கேட்டேன். "அதுதாண்டா அதுக்குப் போர்வை" என்றார். இந்தப் போர்வையை நம்பித்தான் ஒரு மனிதர் அமெரிக்க ஏரிகளை வெட்டி உலகம் முழுக்க விற்றார்.

அவர் பாஸ்டன் நகரத்து ஃபிரெடரிக் டியூடர். 1806இல், 22 வயதில், ஏரியில் உறைந்த ஐஸை கரீபியன் கடலில் உள்ள மார்ட்டினிக் தீவுக்குக் கொண்டுபோய் விற்கக் கிளம்பினார். ஊரே சிரித்தது. சரக்கேற்ற எந்தக் கப்பல்காரரும் சம்மதிக்கவில்லை. மனிதர் சொந்தமாகவே ஒரு கப்பலை வாங்கிவிட்டார்! ஐஸ் போய்ச் சேர்ந்தது. ஆனால் அங்கே அதை வைக்கக் கிடங்கு இல்லை. வாங்கியவர்களுக்கும் அதை என்ன செய்வதென்று தெரியவில்லை. ஒருவர் தண்ணீர்த் தொட்டியில் போட்டு வைத்தார். இன்னொருவர், கெடாமல் இருக்கட்டும் என்று உப்பில் போட்டார். உப்பு பட்டால் ஐஸ் இன்னும் சீக்கிரம் உருகும், பாவம்.

நஷ்டம், கடன், கடனுக்காகச் சிறை. அப்புறமும் விடவில்லை. வைக்கோல், உமி, கரித்தூள் என்று எதையெதையோ சுற்றிப் பார்த்து, கடைசியில் மரத்தூளில் வந்து நின்றார்.

அவருடைய கணக்கைப் பாருங்கள். ஏரியில் கிடக்கும் ஐஸுக்கு விலை இல்லை. மெய்ன் பகுதி மர அறுவை ஆலைகளில் மரத்தூள் குப்பை. தெற்கே போகும் கப்பல்கள் பல, சரக்கில்லாமல் பாரத்துக்குக் கல்லை ஏற்றிக்கொண்டு போயின. பனிக்காலத்தில் விவசாயிகளுக்கு வேலை கிடையாது. யாருக்கும் வேண்டாத நான்கைச் சேர்த்துப் பணமாக்கியிருக்கிறார். ஐஸை எடுப்பது பெரிதல்ல, உருகாமல் காப்பதுதான் தொழில் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது.

எடுப்பதிலும் ஒரு கெட்டிக்காரர் வந்து சேர்ந்தார். நதானியல் வயத். ஃபிரெஷ் பாண்ட் ஏரிக்கரையில் ஹோட்டல் நடத்தியவர். 1820களில் அவர் செய்த கருவி, குதிரை இழுக்கும் ஓர் ஏர். ஆம், ஏரியில் ஏர்! முதலில் மேலே கிடக்கும் பனியை வழித்துத் தள்ளுவார்கள். பனியும் ஒரு போர்வைதானே, அது கிடந்தால் கீழே ஐஸ் தடிக்காது. பிறகு நேர்கோடாக உழுது, குறுக்கேயும் உழுதால் சதுரங்கப் பலகை மாதிரி ஆகிவிடும். முழு ஆழத்துக்கும் வெட்டுவதில்லை. மீதியைக் கடப்பாரையால் நெம்பினால் கட்டி பிளந்துவிடும். ஐஸில் வெட்டிய வாய்க்கால் வழியே மிதக்கவிட்டுக் கரைக்குத் தள்ளிக்கொண்டு வருவார்கள். எல்லாம் ஒரே அளவுச் சதுரம் என்பதால் இடைவெளி இல்லாமல் அடுக்கலாம், உருகுவது குறையும்.

குதிரை சில சமயம் ஐஸ் உடைந்து தண்ணீரில் விழுந்துவிடும். அதற்காகவே கழுத்தில் ஒரு சுருக்குக் கயிறு மாட்டியிருப்பார்கள். விழுந்த உடனே அதை இறுக்குவார்கள். மூச்சு உள்ளேயே அடைபட்டுக் குதிரை மிதக்கும், இழுத்துப் போட்டுச் சுருக்கைத் தளர்த்துவார்கள். முதன்முதலில் இதைச் செய்து பார்த்த ஆளுக்கு எவ்வளவு தைரியம் இருந்திருக்கும் என்று அடிக்கடி நினைப்பேன்.

1846-47 குளிர்காலத்தில் வால்டன் குளத்திலும் நூறு பேர் இப்படி இறங்கினார்கள். அப்போது அந்தக் கரையில் குடிசை போட்டு வாழ்ந்த எழுத்தாளர் ஹென்றி டேவிட் தோரோ எல்லாவற்றையும் பார்த்து எழுதி வைத்தார். நல்ல நாளில் ஆயிரம் டன், அது சுமார் ஓர் ஏக்கரின் விளைச்சல். ஒரு குவியலை வைக்கோலாலும் பலகையாலும் மூடினார்கள். ஜூலையில் திறந்து கொஞ்சத்தை எடுத்துக்கொண்டு, மீதியை வெயிலில் அப்படியே விட்டுவிட்டார்கள். அது முழுக்கக் கரைந்தது எப்போது தெரியுமா? 1848 செப்டம்பரில். ஒரு கிராம் ஐஸ் உருக 80 கலோரி வெப்பம் வேண்டும். பெரிய குவியலுக்குள் அவ்வளவு வெப்பம் நுழைய மாதக்கணக்கில் ஆகும்.

அதனால்தான் கல்கத்தா சாத்தியமாயிற்று. 1833 மே மாதம் 'டஸ்கனி' என்ற கப்பல் 180 டன் ஐஸோடு பாஸ்டனை விட்டது. சூயஸ் கால்வாய் வெட்டப்படாத காலம். ஆப்பிரிக்காவைச் சுற்றி, பூமத்திய ரேகையை இரண்டு முறை கடந்து, நான்கு மாதம் கழித்து கல்கத்தாவின் ஹூக்ளி ஆற்றுக்கு வந்தபோது சுமார் 100 டன் மிச்சமிருந்தது. அதற்கு முன் அங்கே ஐஸ் இல்லாமல் இல்லை. குளிர்கால இரவில் வைக்கோல் பரப்பிய குழியில் அகலச் சட்டிகளில் தண்ணீர் வைத்து, விடியும்முன் மெல்லிய ஏடு எடுப்பார்கள். அந்த அழுக்குக் கூழைக் குடித்தவர்களுக்கு, கண்ணாடி மாதிரி ஒரு பாளத்தைக் கண்டதும் எப்படி இருந்திருக்கும்! அரசாங்கம் வரியைத் தள்ளுபடி செய்தது. வெள்ளைக்காரர்கள் சந்தா போட்டுக் கிடங்கு கட்டினார்கள்.

சென்னைக்கும் வந்தது. அன்று இங்கே துறைமுகம் கிடையாது. எந்தச் சரக்கானாலும் அலையைத் தாண்டி, பலகைகளைக் கயிற்றால் தைத்துச் செய்த மசூலாப் படகில்தான் கரையேற வேண்டும். ஐஸுக்கும் அதே வழி. 1840களில் கடற்கரை ஓரமாக வட்டமாக எழும்பிய கிடங்குதான், இன்றும் கண்டக்டர் கூவும் 'ஐஸ் ஹவுஸ்'. டியூடர் 1864இல் இறந்தார். கொஞ்ச காலத்தில் இயந்திர ஐஸ் வந்து வியாபாரமும் படுத்துவிட்டது. கட்டிடத்தை வழக்கறிஞர் பிலிகிரி ஐயங்கார் வாங்கினார். 1897 பிப்ரவரியில் விவேகானந்தர் ஒன்பது நாள் தங்கியது அங்கேதான். ஐஸுக்காகக் கட்டிய கிடங்கை மனிதர் வசிக்கும் வீடாக்க, ஐயங்கார் அதைத் திருத்திக் கட்ட வேண்டியிருந்தது.