குப்பையில் கிடந்த வெண்பா

நேயர்களுக்கு வணக்கம். எங்கள் சிங்கப்பூர்க் கவிதைச் சந்திப்புக்கு மாதம் தவறாமல் வரும் தோ பாயோ பெரியவர் ஒருவர், இரண்டு மாதமாகத் தலைகாட்டவில்லை. தேக்கா சந்தையில் மடக்கிக் கேட்டேன். "ரெண்டு வெண்பா அனுப்பினேன் தம்பி, ஒரு வரி பதில் இல்லை. பிடிக்கலைன்னா சொல்லியிருக்கலாமே" என்றார்.

அன்றிரவே குழு மின்னஞ்சலில், சந்தேகக் கடிதங்கள் ஒதுங்கும் ஸ்பேம் பெட்டியைத் திறந்தேன். லாட்டரிப் பரிசுக்கும் கடன் விளம்பரத்துக்கும் நடுவே இரண்டாவது வெண்பா கிடந்தது. முதலாவது இல்லை, 30 நாள் ஆனால் எங்கள் பெட்டி தானே துடைத்துக்கொள்ளும். வடிகட்டியைத் திட்டவும் மனம் வரவில்லை. பேரன் திறந்து கொடுத்த புது முகவரி, தலைப்பு கிடையாது, உள்ளே ஒரு சொல் இல்லாமல் கோப்பு மட்டும். மோசடிக் கடிதமும் அப்படித்தானே வரும்?

நம் ஊர்க் குறுஞ்செய்தியில் நடப்பது வேறு. 2023 ஜனவரி 31 முதல், எண்ணுக்குப் பதில் பெயர் போட்டு அனுப்பும் நிறுவனங்கள் அந்தப் பெயரைப் பதிவு செய்தாக வேண்டும். செய்யாதவர் பெயருக்குப் பதில் 'லைக்லி-ஸ்காம்' (மோசடியாக இருக்கலாம்) என்று விழ ஆரம்பித்தது. பதிவுக்கு யூஇஎன் என்ற நிறுவன அடையாள எண் வேண்டும், கட்டணமும் உண்டு. நாலு பேர் நடத்தும் சங்கத்துக்கு அது பாரம்தான். இருந்தாலும் அந்த முத்திரை எனக்குப் பிடித்திருந்தது. செய்தி கண்ணில் படுகிறது, நம்புவதா என்பது என் பாடு.

மின்னஞ்சலைப் பெறும் சர்வர் வாசலிலேயே மறுத்தால், போகவில்லை என்ற தகவலாவது அனுப்பியவருக்குக் கிடைக்கும். வாங்கி வைத்துக்கொண்டு பிறகு திருப்பினால் வம்பு. மோசடிக்காரன் போடும் அனுப்புநர் முகவரி பெரும்பாலும் யாரோ ஒரு அப்பாவியுடையது. திரும்புவதெல்லாம் அவர் தலையில் கொட்டும். அதனால், உள்ளே வந்துவிட்ட சந்தேகக் கடிதத்தைச் சத்தமில்லாமல் ஸ்பேம் பெட்டியில் தள்ளுகிறார்கள். அந்த மௌனத்தைத்தான் பெரியவர் அவமதிப்பாக எடுத்துக்கொண்டார்.

இப்போது வாரம் ஒருவர் முறைபோட்டு அந்தப் பெட்டியைப் பார்க்கிறோம். (என் முறை வரும்போது காப்பி இல்லாமல் உட்கார முடிவதில்லை, அவ்வளவு குப்பை.) தெரிந்தவர் முகவரி கிடந்தால் தொடர்புப் பட்டியலில் சேர்த்துவிடுவோம், அடுத்த கடிதம் பெரும்பாலும் நேரே வந்துவிடும்.

தொலைந்த வெண்பாவை 'அனுப்பியவை' பெட்டியில் தேடும்படி பேரனிடம் சொன்னேன். இருந்தது. பெரியவர் மறுபடி அனுப்பினார், இந்த முறை தலைப்போடு: "இதுவாவது வந்து சேர்ந்ததா?"