கோட்டைக்கு எடுத்த பாலிசியும் உங்கள் காரின் சைலன்சரும்

(திரையில் நொறுங்கிய இரண்டு கார்கள், பக்கம் பக்கமாக)

ஒரே மாடல், ஒரே நிறம், ஒரே மாதிரி அடி. கற்பனைக் கார்கள்தான், பதற வேண்டாம். ஒன்றுக்கு இழப்பீடு கிடைத்துவிட்டது. மற்றதற்குச் சல்லிக்காசு கிடைக்கவில்லை. வித்தியாசம் எங்கே இருக்கிறது? வீடியோவை நிறுத்திவிட்டுத் தேடுங்கள்.

கண்டுபிடிக்க முடியாது. அது எஞ்சினைக் கட்டுப்படுத்தும் சின்னக் கணினிப் பெட்டிக்குள் இருக்கிறது. இரண்டாவது கார்க்காரர் அதன் மென்பொருளை மாற்றி, எஞ்சினின் சக்தியைக் கூட்டியிருக்கிறார். அதாவது ரீமேப். அதை இன்சூரன்ஸ் நிறுவனத்திடம் சொல்லவில்லை.

பின்னணியை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். பல நாடுகளில் வயது, ஓட்டிய அனுபவம், காரின் சக்தி, கார் நிற்கும் இடம் ஆகியவற்றை வைத்துப் பிரீமியம் கணக்கிடுகிறார்கள். அங்கே இளைஞர்கள் அதிகமாக மோதுகிறார்கள் என்பதால் அதிகமாகக் கட்டுகிறார்கள். முடிந்தது, தூங்கிவிடாதீர்கள்.

இனி எனக்குப் பிடித்த பகுதி. அதற்காக சுமத்ரா தீவுக்குப் போக வேண்டும்.

(திரையில் பழைய கடல் வரைபடம்)

பதினெட்டாம் நூற்றாண்டில் அங்கே பெங்கூலன் என்ற ஊரில் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு மார்ல்பரோ என்றொரு கோட்டை இருந்தது. அதன் கவர்னர் கார்ட்டர். அந்நிய எதிரி வந்து கோட்டையைப் பிடித்துக்கொண்டால் நஷ்டஈடு வேண்டும் என்று லண்டனில் பாலிசி எடுத்தார். கோட்டைக்கு இன்சூரன்ஸ்! 1760-இல் பிரெஞ்சுக்காரர்கள் வந்தார்கள், பிடித்தார்கள். பணம் கேட்டபோது காப்பீடு கொடுத்த போம் என்பவர் கையை விரித்தார். “கோட்டை பலவீனமானது, பிரெஞ்சுக்காரர்கள் வரக்கூடும். இதெல்லாம் தெரிந்தும் கவர்னர் மறைத்துவிட்டார்” என்பது அவர் வாதம்.

வழக்கு 1766-இல் நீதிபதி மான்ஸ்ஃபீல்டு பிரபுவிடம் வந்தது. காப்பீடு எடுப்பவருக்கு மட்டுமே தெரிந்த விவரங்களை வைத்துத்தான் ஆபத்தை எடைபோட முடியும், ஆகவே அவற்றை மறைக்கக் கூடாது என்றார் அவர். காப்பீட்டுச் சட்டத்தில் இன்றும் பேசப்படும் நன்னம்பிக்கைக் கொள்கைக்கு, அதாவது முக்கியமானதை மறைக்காமல் நேர்மையாக நடக்க வேண்டும் என்பதற்கு, இந்தத் தீர்ப்பு ஒரு தூண். வேடிக்கை என்னவென்றால், ஜெயித்தது கார்ட்டர்! அந்தக் கோட்டை எதற்காகக் கட்டப்பட்டது, அதன் நிலை என்ன என்பதெல்லாம் காப்பீடு கொடுப்பவரும் அறிந்திருக்க வேண்டியவை என்று தீர்ப்பானது.

“அப்படியானால் என் காரின் பின்னால் இருக்கும் ராட்சத இறக்கையும் ஊருக்கே தெரியுமே, நான் ஏன் சொல்ல வேண்டும்?” என்று ஒருவர் கமென்ட் போடப் போகிறார். ஐயா, கோட்டை ஊரறிந்தது. நீங்களோ இணையத்தில் படிவம் நிரப்பி ஐந்து நிமிடத்தில் பாலிசி வாங்கியவர். உங்கள் காரை அந்த நிறுவனம் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. தவிர, பல நாடுகளில் அந்தப் படிவமே “மாற்றங்கள் ஏதேனும் உண்டா?” என்று நேராகக் கேட்கிறது. அங்கே “இல்லை” என்று டிக் அடித்தால் அது மறதி என்று யாரும் நம்பப்போவதில்லை.

ரீமேப்பை யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள் என்கிறீர்களா? மென்பொருள் எத்தனை முறை மாற்றி எழுதப்பட்டது என்ற எண்ணிக்கையைப் பல கணினிப் பெட்டிகள் சேமித்து வைத்துக்கொள்கின்றன. பெரிய விபத்து என்றால் சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் அதையும் திறந்து பார்க்கலாம்.

வெறும் அழகுக்குச் செய்ததும் கணக்கில் வரும். அலாய் வீல் திருடனையும் கவர்கிறது. சக்கரம் இன்னொரு வேலையும் செய்கிறது. டயரோடு சேர்த்து அதன் விட்டம் 10 சதவீதம் கூடினால், ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது நீங்கள் 66-இல் போய்க்கொண்டிருப்பீர்கள். மீட்டர் சக்கரச் சுழற்சியைத்தான் எண்ணுகிறது. சக்கரம் வளர்ந்தது அதற்குத் தெரியாது. உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டக் கூடாது என்பது ஐ.நா. வாகன விதி 39. போலீஸிடம் “மீட்டரில் 60தான் சார் இருந்தது” என்று நீங்கள் சொல்வது சத்தியமாக இருக்கும். அபராதமும் இருக்கும்.

சட்டம் நாட்டுக்கு நாடு வேறு. ஜெர்மனியில் வாகனத்தை ஆபத்தாக்கும் மாற்றமோ புகையையும் சத்தத்தையும் கூட்டும் மாற்றமோ செய்தால் சாலையில் ஓடும் அனுமதியே காலாவதியாகிவிடும். இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு இதற்கென்றே இருக்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறைக்கும் இடமுண்டு. பிரிட்டனில் காப்பீடு இல்லாமல் ஓட்டினால் உரிமத்தில் குறைந்தது 6 தண்டப் புள்ளிகள் ஏறும். புதிதாக உரிமம் வாங்கியவருக்கு முதல் இரண்டு ஆண்டுகளில் 6 சேர்ந்தாலே உரிமம் போய்விடும். பாலிசியை நிறுவனம் ரத்து செய்த பிறகும் ஒரே ஒரு நாள் ஓட்டினால் போதும்.

அப்பா பெயரில் பாலிசி, ஓட்டுவதெல்லாம் மகன் என்ற தந்திரம் பற்றி ஒரே வரி: பல நாடுகளில் அது மோசடி. அடுத்தது.

மோதப்பட்டவருக்குப் பணம் வராதா? பல நாடுகளில் வரும். நிறுவனம் அவருக்குக் கொடுத்துவிட்டு, அந்தத் தொகையை உங்களிடம் கேட்டு வரலாம். இருபது வயதில் ஒரு மருத்துவமனைக் கடனோடு வாழ்க்கையைத் தொடங்குவது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

“நான் எதையும் மாற்றவில்லையே” என்பவர்கள்தான் அதிகம் மாட்டுகிறார்கள் என்பது என் எண்ணம். நானும் அவர்களில் ஒருவன். என் முதல் கார் கைமாறி வந்தது. லிஃப்டில் ஏற்றியபோது மெக்கானிக் டார்ச்சை அடித்து, “ஸ்பிரிங்கின் நுனியைப் பாருங்கள்” என்றார். கம்பெனி நுனி சீராக, பெயின்ட் பூசி இருக்கும். இதுவோ கிரைண்டரால் அறுத்த சொரசொரப்போடு துருப்பிடித்திருந்தது. கார் தாழ்வாகத் தெரிய வேண்டும் என்று முந்தைய உரிமையாளர் ஒரு சுற்றையே வெட்டி எறிந்திருக்கிறார். எட்டு மாதம் அதில் நெடுஞ்சாலையில் பறந்திருக்கிறேன். பாலிசியில் அதைப் பற்றி ஒரு எழுத்து கிடையாது.

அன்றே நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். தொலைபேசியில் சொல்லவில்லை, எழுத்தில் பதில் வேண்டும் என்பதற்காக. கம்பெனி ஸ்பிரிங் மாட்டி, ரசீதையும் படத்தையும் அனுப்பினேன். பிரீமியம் ஏறவில்லை.

இத்தனை நேரமும் எனக்குப் பின்னால் மேசையில் ஒரு பேனா ஸ்டாண்டு தெரிந்ததே, கவனித்தீர்களா? அறுபட்ட அந்த ஸ்பிரிங்தான் அது.