மாலை ஐந்து மணிக்கு நிழல் என்ன நிறம்?

வணக்கம் நேயர்களே. பிரெஞ்சு ஓவியர் மோனே என்றதும் பலருக்கும் அல்லிக்குளம்தான் நினைவுக்கு வரும். எனக்கு அவர் வரைந்த போர்கள் நினைவுக்கு வரும். சண்டைப் போர் இல்லை, அறுவடை முடிந்த வயலில் நிற்கிற போர்.

பிரான்சில் ஜிவெர்னி என்ற ஊரில், அவர் வீட்டுக்குப் பக்கத்து வயலில் நின்றவை அவை. வைக்கோல் போர் என்று நாம் மொழிபெயர்த்துவிட்டோம். வைக்கோல் இல்லை, கதிர் அடிக்காத கோதுமைக் கட்டுகள். கதிர் உள்ளே, தாள் வெளியே, மேலே கூம்பாக ஒரு கூரை. யாழ்ப்பாணத்து விவசாயி பார்த்தால் ‘சூடு’ என்பார். கதிரடிக்கும் இயந்திரம் ஊர் ஊராக வந்து சேர மாதக்கணக்காகும். அதுவரை பனியிலும் வெயிலிலும் போர் அங்கேயே நிற்கும்.

1890, 91இல் மோனே இவற்றை 25 முறை போல வரைந்தார். ஒன்றை வரைந்துகொண்டிருக்கும்போதே ஒளி மாறிவிடும். உடனே வளர்ப்பு மகள் பிளான்ஷிடம் இன்னொரு கேன்வாஸ் கேட்பார். காலைக்கு ஒன்று, மாலைக்கு ஒன்று, பனி விழுந்த நாளுக்கு ஒன்று. எல்லாம் வயலிலேயே முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். அப்புறம் ஸ்டுடியோவில் உட்கார்ந்து நிறையத் திருத்தினார். 1891 மே மாதம் பாரிஸில் 15 போர்களை ஒரே இடத்தில் மாட்டினார்கள்.

சரி, நாம் வரைய உட்கார்ந்தால்? போரை விடுங்கள், முதலில் அதன் நிழலைப் பாருங்கள். நிழல் என்றதும் கை தானாகக் கறுப்பு ட்யூபுக்குப் போகும். மோனே 1905இல் எழுதிய கடிதத்தில் தன் வண்ணங்களைச் சொல்கிறார்: வெள்ளை, காட்மியம் மஞ்சள், வெர்மிலியன் சிவப்பு, அடர் மேடர் சிவப்பு, கோபால்ட் நீலம், மரகதப் பச்சை. ஆறுதான். கறுப்பு அதில் இல்லை. வெயில் மஞ்சளாக விழும் இடத்தில் நிழல் நீலமாக, ஊதாவாகத் தெரியும். வானத்தின் நீலம் அங்கே விழுகிறது. பக்கத்து மஞ்சளும் கண்ணை அப்படிப் பார்க்க வைக்கிறது. மாலையில் வெயில் ஆரஞ்சாகும்போது அந்த நீலம் இன்னும் கூடும்.

நிழலை டர்பன்டைனில் கரைத்து மெல்லிசாகப் போடுங்கள். வெயில் பட்ட இடத்தைத் தடிமனாகப் போடுங்கள், பிரஷ் போன தடம் தெரியட்டும். கீழே இருக்கும் வண்ணம் ஈரமாக இருக்கும்போதே மேலே அடுத்ததை வைக்கலாம். ஆனால் வைத்ததும் பிரஷை எடுத்துவிட வேண்டும். தேய்த்தால் போச்சு.

நான் தேய்த்தவன். முதல்முதலாக வயலில் கேன்வாஸ் ஸ்டாண்ட் வைத்து உட்கார்ந்த அன்று, ஊதா நிழல் மேல் மஞ்சளை வைத்து, பிடிக்காமல் தேய்த்து, மறுபடி வைத்து, மறுபடி தேய்த்தேன். ஒரு மணி நேரத்தில் கேன்வாஸில் பாதி சேறு. பார்க்க நின்ற பெரியவர் ஒருவர், “தம்பி, மழை வரப்போற மாதிரி போட்டிருக்கீங்களா?” என்றார். வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

இன்னொன்று, எண்ணெய் வண்ணத்தில் கலந்திருக்கும் ஆளிவிதை எண்ணெய் தண்ணீர் மாதிரி ஆவியாகிக் காய்வதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்துதான் இறுகும். தடித்த பூச்சென்றால் மறுநாளும் கையில் ஒட்டும், அதனால் வெளியில் வரையும்போது கேன்வாஸில் என்னென்னவோ ஒட்டும். வான்கோ 1889இல் வரைந்த ஆலிவ் மரங்களில் ஒன்று அமெரிக்காவில், கான்சாஸ் சிட்டியில் இருக்கிறது. 2017இல் அதை உருப்பெருக்கியில் ஆராய்ந்தபோது, வண்ணத்துக்குள் ஒரு குட்டி வெட்டுக்கிளி புதைந்திருந்தது தெரிந்தது.

என் சேற்றுப் படத்திலும் இரண்டு எறும்புகள் இருக்கின்றன. எடுக்கவில்லை. நன்றி, வணக்கம்.