யானையும் மாடுதானாம்! அப்போ தெரு நாய்?

வணக்கம் மக்களே. யானை மாடா, இல்லையா? சிரிக்காதீர்கள், சீரியஸாகத்தான் கேட்கிறேன். 1871-ல் வெள்ளைக்காரர்கள் போட்ட ஒரு சட்டப்படி யானையும் மாடுதான். ஒட்டகம், குதிரை, கழுதை, பன்றி, அவ்வளவு ஏன், ஆட்டுக்குட்டிகூட மாடு. ஆனால் உங்கள் தெருமுனை டீக்கடை வாசலில் காலை நீட்டிப் படுத்திருக்கிறாரே, அவர் மட்டும் அந்தப் பட்டியலில் இல்லை.

கார்ப்பரேஷன் வண்டி மாட்டைப் பிடித்தால் ஒரு நியாயம், நாயைப் பிடித்தால் வேறொரு நியாயமாக ஏன் இருக்கிறது என்று பல பேர் கமென்ட்டில் கேட்டீர்கள். அந்த முடிச்சு இங்கேதான் விழுந்தது.

[திரையில்: பழைய சட்டப் புத்தகத்தின் பக்கம்]

இதன் பெயர் கால்நடை அத்துமீறல் சட்டம். தமிழில் எழுதியிருந்தால் வம்பே இல்லை. காலால் நடப்பதெல்லாம் கால்நடை, யானையும் நடக்கத்தானே செய்கிறது? இங்கிலீஷில் 'கேட்டில்' (cattle), அதாவது மாடு, என்று எழுதிவிட்டார்கள். அப்புறம் யானை மேய்ந்தால் என்ன செய்வது என்று யாருக்கோ தோன்றியிருக்கும். உட்கார்ந்து ஒரு பட்டியல் போட்டுவிட்டார்கள். பன்றிக்குத் தனியாக ஒரு பிரிவே உண்டு. பன்றி தோண்டிய வயலைப் பார்த்தவர்களுக்கு அது ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை.

நடைமுறை இப்படி. உங்கள் வயலில் பக்கத்து ஊர்க்காரர் மாடு இறங்கி மேய்கிறது. நீங்களே பிடிக்கலாம். ஆனால் 24 மணி நேரத்துக்குள் பவுண்டில் கொண்டுபோய் விட்டாக வேண்டும். பவுண்டு என்றால் லண்டன் காசு இல்லை. "மாட்டைப் பவுண்டில் அடைச்சிட்டாங்க" என்று ஊர்ப்பக்கம் பெரியவர்கள் சொல்வார்களே, அந்தத் தொழுவம். அங்கே இருப்பவர் தீனி போடுவார், தண்ணீர் காட்டுவார். சொந்தக்காரர் வந்து அபராதத்தையும் தீனிச் செலவையும் கட்டிவிட்டு ஓட்டிக்கொண்டு போகலாம். 7 நாள் ஆகியும் ஆள் வரவில்லையா? பிடித்த இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஊரிலும் சந்தையிலும் தமுக்கு அடித்துச் சொல்ல வேண்டும். நான் சேர்த்துச் சொல்லவில்லை, தமுக்கு அடிக்கச் சொல்லிச் சட்டத்திலேயே இருக்கிறது. "இதனால் சகலமானவர்களுக்கும் தெரிவிப்பது என்னவென்றால், கறுப்பு யானை ஒன்று பவுண்டில் கட்டிக் கிடக்கிறது, உரியவர் வந்து ஓட்டிச் செல்லவும்!" டம் டம் டம். இந்த இடத்தைப் படித்துவிட்டு அரை மணி நேரம் வேலை ஓடவில்லை எனக்கு.

அதற்குப் பிறகும் 7 நாள் பார்த்துவிட்டு ஏலம். இதில் எனக்குப் பிடித்த வரி ஒன்று: பவுண்டைக் கவனிப்பவர் அந்த ஏலத்தில் மாடு வாங்கக் கூடாது, ஆள் வைத்தும் வாங்கக் கூடாது. எழுதியவருக்கு ஊர் நடப்பு தெரிந்திருக்கிறது!

ஒரு வேடிக்கை, இந்தச் சட்டம் மெட்ராஸ் பட்டணத்துக்குப் பொருந்தாது. கல்கத்தா, பம்பாய், மெட்ராஸ் மூன்றையும் விட்டுவிட்டார்கள். சென்னைக்கு மாநகராட்சி விதிகள்தான். ஆனால் வழி அதேதான்: பிடி, கட்டு, காசு வாங்கு. 2023-ல் அரும்பாக்கத்தில் பள்ளிக்கூடம் விட்டு வந்த ஒரு சிறுமியை மாடு முட்டித் தூக்கிய வீடியோ வந்ததே, அதற்கப்புறம் அபராதம் ஏறியது. 2,000 ரூபாயாக இருந்தது 5,000 ஆகி, 2024-ல் 10,000 ஆனது. மறுபடி சிக்கினால் 15,000. பிடித்த மாடுகள் புதுப்பேட்டை, பெரம்பூர் தொழுவங்களுக்குப் போகும்.

காலையில் பால் கறந்ததும் கயிற்றை அவிழ்த்து விடுவார்கள். மாடு நேராக மார்க்கெட் குப்பைக்குப் போய் முட்டைக்கோஸ் இலை, வாழைப்பழத் தோல் எல்லாம் தின்றுவிட்டு, நடுரோட்டு மீடியனில் படுத்து அசைபோடும். பஸ் ஹாரன் அடித்தால் காதை மட்டும் ஒரு தரம் ஆட்டும். சாயங்காலம் கறக்கும் நேரத்துக்குத் தானே வீடு திரும்பும். அதாவது தீனிச் செலவு ஊருக்கு, பால் காசு வீட்டுக்கு. நகரத்தில் கட்ட இடமில்லை என்று மாட்டுக்காரர்கள் சொல்வதும் பொய்யில்லை. ஆனால் இடம் இல்லாதவர் மாட்டை என் பைக்கின் முன்னால் நிறுத்துவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

சரி, நாய்க்கு வருவோம். அந்த டீக்கடைக்காரருக்கு ரசீது கொடுக்க முடியுமா? "பொறை போட்டேன் சார், நாய் என்னுதில்லை" என்பார். அபராதம் கட்ட ஆளே இல்லை. அதனால் அந்தக் காலத்தில் ஒரே வழிதான் வைத்திருந்தார்கள், கொல்வது. மெட்ராஸில் 1860 வாக்கில் நாளுக்கு ஒன்றுகூட இல்லாமல் தொடங்கியது, 1996-ல் நாளுக்கு 135 வரை போனது என்பது ப்ளூ கிராஸ் என்ற விலங்கு நல அமைப்பினர் சொல்லும் கணக்கு. நூற்று முப்பது வருஷத்துக்கு மேல் கொன்றும் நாய் குறையவில்லை என்பதுதான் விஷயம். ஒரு தெரு காலியானால் பக்கத்துத் தெரு நாய் வந்து குட்டி போடும். குப்பைத் தொட்டி அங்கேயேதானே இருக்கிறது?

அதனால் 1996-ல் சென்னை கொல்வதை விட்டுவிட்டுக் கருத்தடைக்கு மாறியது. 2001-ல் நாடு முழுக்க விதி வந்தது, 2023-ல் அதைத் திருத்தி எழுதினார்கள். வலையிலோ கையிலோ பிடித்து, ஆபரேஷன் செய்து, வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டு, குறைந்தது நான்கு நாள் வைத்துப் பார்த்து, பிடித்த அதே தெருவில் விட வேண்டும். திங்கட்கிழமை போனவர் அடுத்த வாரம், ஆபரேஷன் ஆன அடையாளமாகக் காதில் ஒரு வெட்டோடு வந்து நிற்பது அதனால்தான். ஏமாற்று வேலை இல்லை.

ஆனால் 10 நாயில் 7-க்காவது ஊசி போட்டால்தான் வெறிநோய் பரவுவது நிற்கும். வருஷத்துக்கு நாலு நாயைப் பிடித்துப் போட்டோ எடுத்தால் நிற்காது. கடிபட்டவர் கோபப்படுவதில் தப்பே இல்லை.

உச்ச நீதிமன்றம்? 2025 ஆகஸ்ட் 11-ல் டெல்லி நாய்களை எல்லாம் காப்பகத்தில் அடை என்றது. ஆகஸ்ட் 22-ல் வெறி பிடித்தவை, மூர்க்கமானவை தவிர மற்றவற்றை விடு என்றது. நவம்பர் 7-ல் பள்ளி, ஆஸ்பத்திரி, பஸ் ஸ்டாண்டு, ரயில் நிலையங்களில் பிடித்ததை மட்டும் அங்கேயே திரும்ப விடாதே என்றது. அதற்குத் தனி வீடியோவே போடலாம்.

வீடியோ முடிந்ததும் கொஞ்சம் வெளியே போய் உங்கள் தெரு நாயின் காதைப் பாருங்கள். வெட்டு இருக்கிறதா, இல்லையா? ஏரியா பெயரோடு கமென்ட்டில் போடுங்கள். தூரத்தில் நின்றே பாருங்கள் மக்களே, காதைப் பிடித்துப் பார்க்காதீர்கள்.