ஸ்கேனர் பார்க்காத இடம்தான் எனக்கு வேண்டும்

வணக்கம் மக்களே. பின்னால் தெரிகிறதே, எங்கள் அபார்ட்மென்ட் பார்க்கிங் ரேம்ப். ஏறி வருகிற கார்காரருக்கு இடது பக்கத் தூண் மறைக்கிறது, அந்தத் தூணை ஒட்டித்தான் பிள்ளைகள் சைக்கிள் ஓட்டுகிறார்கள். மீட்டிங்கில் சொன்னால், "அதெல்லாம் நல்லாத் தெரியும் சார், நீங்க மெதுவா வாங்க" என்று ஒருவர் முடித்துவிட்டார். சரி, அளந்தே பார்த்துவிடுவோம் என்று சர்வே வேலை செய்யும் நண்பனிடம் லேசர் ஸ்கேனரை இரவல் வாங்கினேன்.

ரேம்ப் முடியும் இடத்தில் ட்ரைபாட், உயரம் 1.2 மீட்டர். நம் ஊர் ரோடு டிசைனில் ஓட்டுநரின் கண் உயரமாக எடுத்துக்கொள்வது அதுதான். மெஷின் சுற்றிச் சுற்றி லேசரை விடும், பட்டுத் திரும்புகிற நேரத்தை வைத்துத் தூரத்தைச் சொல்லும், பட்ட இடத்தை ஸ்கிரீனில் ஒரு புள்ளியாக வைக்கும். 10 மீட்டர் தள்ளி இருக்கும் சுவர் என்றால் போய்வர 67 நானோசெகண்ட்.

இதோ ஸ்கிரீன். தூணுக்குப் பின்னால் விசிறி மாதிரி விரிந்து ஒரு கறுப்பு, அதில் ஒரு புள்ளிகூட இல்லை. நண்பன், "இது ஷேடோடா, மெஷினை நகர்த்தி வச்சா நிரம்பிடும்" என்றான். டேய், நிரப்பாதே! அந்தக் கறுப்புதான் ஓட்டுநருக்குத் தெரியாத இடம், அதற்காகத்தானே வந்தோம்.

ஓரிடத்தில் நின்றால் கண்ணுக்கு எட்டுகிற மொத்தப் பரப்புக்கு ஐசோவிஸ்ட் என்று பெயர். கட்டடக்கலை ஆய்வாளர் மைக்கேல் பெனடிக்ட் 1979இல் இதைக் கணக்காகவே எழுதிவிட்டார். பிளானை வைத்தும் போடலாம், ஆனால் பிளானில் யாரோ நிறுத்திய ஸ்கூட்டி இருக்காது.

அப்புறம், சைக்கிள் ஓட்டுகிற பிள்ளையின் கண்ணிலிருந்தும் பார்க்க ஆசை. நாலு இடத்தில் ஸ்கேன் செய்து ஒட்டி, சாப்ட்வேரில் பார்வைக் கோடு விட்டால், கோடு சுவரையே துளைத்துக்கொண்டு போகிறது! புள்ளிகளால் ஆன சுவர் சல்லடைதானே. அதனால் எல்லாவற்றையும் 5 செ.மீ. கனசதுரக் கட்டங்களாக மாற்ற வேண்டியதாயிற்று, உள்ளே புள்ளி இருந்தால் அந்தக் கட்டம் முழுக்க அடைப்பு. அதில் இன்னொரு தொல்லை, இலை இருந்த கட்டமெல்லாம் கெட்டியாகிவிட்டது, குரோட்டன்ஸ் செடி கருங்கல் மாதிரி நிற்கிறது. கண்ணாடிக் கதவோ நேர் எதிர், லேசர் ஊடுருவிப் போய்விடுவதால் கதவே இல்லை.

கடைசியில் கிடைத்தது இதுதான்: தூண் மறைப்பது உண்மை, ஆனால் கறுப்பில் பாதி தூணால் இல்லை. பக்கத்தில் இருக்கிற அந்தக் குரோட்டன்ஸ் தொட்டியால். கட்டக் கணக்கை நம்பாமல் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தும் பார்த்துவிட்டேன், இலை வழியாக ஒன்றும் தெரியவில்லை.

தொட்டியை அங்கே வைத்தது நான்தான். மீட்டிங்கில் இதை எப்படிச் சொல்வது என்று கமெண்ட்டில் சொல்லுங்கள்.