என் தலையைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள்

நடுவர் ஐயா அவர்களுக்கும், எதிர்மேசை நண்பர்களுக்கும், இந்த வெக்கையில் காற்றாடிக்குக் கீழே இடம் பிடிக்கப் போட்டி போட்ட திருகோணமலைச் சபையோருக்கும் வணக்கம்.

நடுவயதில் நரையை மறைப்பது தன்னை ஏமாற்றுவதா, தன்னைப் பேணுவதா என்பது இன்றைய கேள்வி. நான் பேணுவது என்று பேச வந்திருக்கிறேன். நான் எழும்பியதும் முன்வரிசையில் இரண்டு பேர் சிரித்தீர்கள், கண்டேன். என் தலையில் பாதிக்கு மேல் வெள்ளை. ரீச்சரைப் பிழையான மேசையில் இருத்திவிட்டார்கள் என்று நினைத்திருப்பீர்கள். எதிரணியின் முதல் பேச்சாளர் இன்னும் ஒருபடி மேலே போனார். "அந்த அணியிலேயே எங்களுக்கு ஒரு சாட்சி இருக்கிறார். நாற்பத்தொன்பது வயதில் நரையோடு நிமிர்ந்து நிற்கிறாரே, அதுதான் பக்குவம்" என்று என்னைக் காட்டிக் கைதட்டலும் வாங்கிவிட்டார்.

நன்றி தம்பி. ஆனால் அந்தக் கைதட்டல் என் கண் இமைக்குப் போய்ச் சேர வேண்டியது.

நான்கு வருடத்துக்கு முன்பு வரை நானும் தவறாமல் டை அடித்தவள்தான். ஒரு வெள்ளிக்கிழமை வழமைபோல அடித்தேன். சனி பின்னேரம் நெற்றியோரம் கடித்தது. ஞாயிறு விடிய எழும்பினால் இரண்டு கண்ணும் திறக்கவில்லை, இமை இரண்டும் அப்பம் மாதிரிப் பொங்கி நிற்கிறது. தோல் வைத்தியர் பார்த்த உடனே சொல்லிவிட்டார். கறுப்பு டைகளில் பெரும்பாலும் பாரா பினைலீன் டைஅமீன் என்றொரு இரசாயனம் இருக்கிறது. வருடக்கணக்காக ஒத்துப்போனதுகூட ஒருநாள் ஒவ்வாமல் போகலாம். ஒருமுறை உடம்பு அதைப் பகையாளியென்று குறித்துக்கொண்டால், பிறகு பெரும்பாலும் மறக்காது. கல்யாண வீட்டில் "கறுப்பு மருதோண்டி" என்று போடுகிறார்களே, அதிலும் பல நேரம் இதுதான் கலந்திருக்கிறது. உண்மையான மருதோண்டி செம்மஞ்சளாகத்தான் பிடிக்கும், கறுக்காது. பிள்ளைகளுக்குப் போட்டுவிடும் தாய்மார் இதை மட்டுமாவது வீட்டுக்குக் கொண்டுபோங்கள்.

டைப் பெட்டிக்குள் ஒரு துண்டுக் கடதாசி இருக்கும். முதலில் தோலில் ஒரு துளி பூசி 48 மணித்தியாலம் பொறுத்துப் பாருங்கள் என்று அதில் எழுதியிருக்கும். நான் ஒருநாளும் வாசித்ததில்லை. வாசிக்க முடியவில்லை என்பதுதான் உண்மை. வெள்ளெழுத்து வந்து இரண்டு வருடமாகியும் கண்ணாடி போட வெட்கப்பட்டுக்கொண்டு திரிந்த காலம் அது.

அன்றைக்கு விட்டதுதான் டை. ஊர் என்ன சொன்னது தெரியுமா? "என்ன துணிவு ரீச்சர்!" என்றது. "இப்படித்தான் இயற்கையாக இருக்க வேண்டும்" என்றது. ஒரு பழைய மாணவி தன் முகநூலில் என் படத்தைப் போட்டு நாலு வரி எழுதியே விட்டாள். நான் இமைக் கதையை யாருக்கும் சொல்லவில்லை. ஒரு வருடத்துக்கு மேல் அந்தப் புகழை ருசித்துக்கொண்டு சும்மா இருந்தேன். ஆகவே நடுவர் ஐயா, தலைமயிரால் ஊரை ஏமாற்றியவர் யாரென்று இந்த மண்டபத்தில் தேட வேண்டாம். அது நான்தான், என் நரையை வைத்துக்கொண்டு ஏமாற்றினேன். டை எனக்கு ஒவ்வாமல் போனதைப் பக்குவம் என்று நீங்கள் வாசித்தீர்கள். அதேபோலத்தான் கறுத்த தலை ஒன்றைக் கண்டால் பொய் என்று வாசிக்கிறீர்கள்.

வயது போவதைக் கண்ணாடி காட்டும் என்கிறார்கள். எனக்குக் காட்டவில்லை. தினமும் பார்க்கிற முகத்தில் மாற்றம் எங்கே பிடிபடும்? எனக்கு அறிவித்தது ஓட்டோக்காரர்கள். இருபதுகளில் மத்திய வீதியில் நின்றால் "தங்கச்சி, எங்க போகணும்?" முப்பதுகளில் அக்கா. நாற்பதைத் தாண்டியதும் அன்ரி. போன தை மாதம் கிண்ணியா பஸ்ஸில், என்னைவிட மூன்று நான்கு வயதே குறைந்த ஒரு மீசைக்காரர் எழும்பி, "அம்மா, இதில இருங்கோ" என்றார். கிண்ணியாப் பாலம் 396 மீற்றர். 2009இல் திறந்தபோது நாட்டிலேயே நீளமான பாலம் என்று பேசினோம். அன்றைக்கு அது முடியவே இல்லை. கேவலம் என்னவென்றால், நான் அந்த இடத்தில் இருந்துவிட்டேன். கால் நோவு. இடம் வேண்டும், அம்மா என்ற பேர்தான் வேண்டாம்.

இந்த இடத்தில்தான் எதிரணியின் "உண்மை, பொய்" கணக்கு பிழைக்கிறது. டை அடிப்பவருக்குத் தன் வயது தெரியாது என்று நினைக்கிறீர்களா? வளர்ந்துவிட்ட கறுப்பு மயிர் வெள்ளையாக மாறுவதில்லை. வேரில் நிறமி செய்யும் கலங்கள் ஓய்ந்த பிறகு முளைப்பது வெள்ளையாகவே முளைக்கிறது. மாதத்துக்கு ஒரு சென்ரிமீற்றர், கொஞ்சம் கூடக் குறைய வளர்கிறது. அப்படியென்றால் மூன்றாவது வாரம் வகிட்டில் சுண்ணாம்புக் கோடு போட்டதுபோல ஒரு வெள்ளை. டை அடிப்பவர் வருடத்துக்குப் பதினேழு தடவை கண்ணாடிக்கு முன்னால் நின்று, சீப்பு முனையால் வகிடு வகிடாகப் பிரித்து, போன தடவையைவிட எவ்வளவு கூடியிருக்கிறது என்று கணக்கெடுக்கிறார். சீட்டுக்காசு கட்டாதவர்தான் சீட்டுக் கொப்பியைத் திறக்கப் பயப்படுவார். பதினேழு தடவை திறந்து பார்ப்பவரைப் பார்த்து, நீ உண்மையை ஏற்கவில்லை என்கிறீர்களே!

தலை கறுத்திருந்தால் மட்டும் உடம்பு விட்டுவிடுகிறதா? டை அடித்த காலத்திலேயே ஒருமுறை கன்னியாவுக்குப் போனோம். வெந்நீர்க் கிணற்றடியில் வாளியோடு குந்திவிட்டு எழும்பினேன். என் முழங்கால் போட்ட சத்தம் ஏழு கிணற்றுக்கும் கேட்டிருக்கும். பக்கத்தில் நின்ற பெடியன் திரும்பிப் பார்த்தான். அப்போது என் தலை கன்னங்கரேல்.

சரி, கண்ணாடிக்கு வருவோம். இந்த மூக்குக் கண்ணாடியைச் சொல்கிறேன். நாற்பதைத் தாண்டினால் கண் வில்லை இறுகத் தொடங்கும். கிட்ட இருப்பதைப் பார்க்க அது வளைந்து கொடுக்காது. எதிரணியில் மூன்று பேரும் குறிப்பைக் கண்ணாடி போட்டுத்தான் வாசித்தீர்கள். யாராவது உங்களை, முதுமையை மறைக்கிறீர்கள் என்று சொன்னோமா? "கண்ணாடி தேவைக்கு, டை பகட்டுக்கு" என்று தலையாட்டுகிறீர்கள். எனக்குத் தெரிந்த ஒரு பெண் கடையொன்றில் பதினெட்டு வருடம் முன்மேசையில் நின்று விற்றவர். காதோரம் வெளுக்கத் தொடங்கிய வருடம் முதலாளி, "அக்கா, நீங்கள் இனி உள்ளுக்கு இருந்து பில்லைப் பாருங்கோ" என்று சொன்னார். மரியாதையாகத்தான் சொன்னார். விற்பனைக்குக் கிடைத்த மேலதிகக் காசு அன்றோடு நின்றது. அவருக்கு டை பகட்டா? எதிர்மேசையில் மூவரும் அரச உத்தியோகத்தர். நானும்தான். எங்கள் தலை எந்த நிறத்தில் இருந்தாலும் 60 வயது வரை சம்பளம் வரும், பிறகு ஓய்வூதியம் வரும். அந்தத் தைரியத்தில் இருந்துகொண்டு கடைப்பிள்ளைக்குப் பக்குவம் போதிப்பது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இன்னொன்று. எதை "வயது" என்று ஏற்கச் சொல்கிறீர்கள்? முகத்தில் விழுகிற சுருக்கத்தில் பெரும் பங்கு வெயிலுடையது. அமெரிக்காவில் 28 வருடம் லொறி ஓட்டிய ஒருவரின் படம் 2012இல் மருத்துவ இதழொன்றில் வந்தது. ஒரே முகம்தான். யன்னல் பக்கம் இருந்த இடக் கன்னம் மட்டும் தடித்துத் தொங்கிச் சுருங்கியிருந்தது, மற்றக் கன்னம் எவ்வளவோ இளமையாக இருந்தது. எங்கள் நாட்டில் சாரதி இருப்பது வலப்பக்கம். மட்டக்களப்பு ஓட்டத்தில் போகிற நம் பஸ் சாரதிமாரின் வலக் கன்னத்தை ஒருக்கால் பாருங்கள். அதில் எவ்வளவு வயது, எவ்வளவு யன்னல்? சல்லியிலும் சாம்பல்தீவிலும் வெயிலில் நிற்கிற நாற்பது வயதுக்காரரைக் கண்டு நாங்கள் "அப்பு" என்கிறோம். குடை பிடிப்பதும் தொப்பி போடுவதும் ஏமாற்று என்றால் டையும் ஏமாற்றுத்தான், ஒத்துக்கொள்கிறேன்.

இரண்டாம் பேச்சாளர் அழகாகப் பேசினார், அதை மறுக்க மாட்டேன். "பிரட்றிக் கோட்டைச் சுவருக்கு யார் மை பூசினார்கள்? பாசி படிந்த பழமைதானே அதன் அழகு" என்றார். ஐயா, கோட்டை வாசலில் ஏன் நின்றுவிட்டீர்கள்? உள்ளே மேய்கிற மான்களைத் தாண்டி இன்னும் கொஞ்சம் மேலே நடந்திருக்கலாமே. பழைய கோயிலைப் போர்த்துக்கேயர் இடித்து அந்தக் கல்லில் கட்டியதுதான் நீங்கள் ரசித்த கோட்டை. மேலே 1963இல் குடமுழுக்குக் கண்ட கோணேசர் கோயில் இருக்கிறது. எந்தக் கோயிலென்றாலும் கும்பாபிஷேகம் வந்தால் சாரம் கட்டுகிறோம், வெடிப்பை அடைக்கிறோம், வர்ணம் தீட்டுகிறோம். கோணேசர் வயதை ஒளிக்கிறார் என்று யாராவது சொன்னோமா? ஆளிருக்கிற வீட்டுக்குத்தான் வெள்ளையடிப்பார்கள். சீனன்குடாவில் வெள்ளைக்காரன் விட்டுப்போன எண்ணெய்க் குதங்கள் பல பத்தாண்டுகள் துருவைப் "பக்குவமாக ஏற்றுக்கொண்டு" காட்டுக்குள் நின்றனவே, அதையா நமக்கு முன்மாதிரி என்கிறீர்கள்?

மூன்றாமவர் கரிகாலனைக் கூட்டிக்கொண்டு வந்தார். இளவயதுக்காரன் என்ன நீதி சொல்லப் போகிறான் என்று வழக்குக்கு வந்த முதியவர்கள் தயங்க, கரிகாலன் நரைமுடி தரித்து வந்து தீர்ப்புச் சொன்னானாம். நரைக்கு அவ்வளவு மதிப்பு என்றார். கதையை இன்னொருமுறை சொல்லிப் பாருங்கள் ஐயா. தொழிலுக்குத் தேவைப்பட்டதால் தலையின் நிறத்தை மாற்றிக்கொண்டான் சோழன்! அவன் எங்கள் அணி. கறுப்பை வெள்ளையாக்கினான், நாங்கள் வெள்ளையைக் கறுப்பாக்குகிறோம், அவ்வளவுதான்.

ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்கிறேன். பூச்சுக் கடைக்கு நான் வக்கீல் இல்லை. சரும வெண்மைக்கென்று விற்கிற, பேர் ஊர் இல்லாத கிறீம்கள் சிலவற்றில் பாதரசம் இருக்கும். அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஒரு கிலோவில் ஒரு மில்லிகிராம்கூடத் தாண்டக் கூடாது என்பது பொதுவான எல்லை. அதைப் பூசுவது பேணுவதில் சேராது. இந்தக் கட்சியில் நானும் உங்களோடு.

இனி வயதுக் கணக்கு. 1946இல் இலங்கையில் சராசரி ஆயுள் 43 வயதளவில் இருந்தது. குழந்தைகள் நிறைய இறந்ததால் அந்த எண் அவ்வளவு தாழ்ந்தது, சரிதான். ஆனாலும் என் பூட்டியின் காலத்தில் நாற்பத்தைந்து என்றால் திண்ணைக்குப் போகிற வயது. இன்றைக்குச் சராசரியே எழுபத்தைந்தைத் தாண்டிவிட்டது. எனக்கு முன்னால் இருபத்தைந்து, முப்பது வருடம் கிடக்கிறது. பூட்டியின் திண்ணையை எனக்கு ஏன் தருகிறீர்கள்?

எங்கள் ஊரில் பெண்ணுக்கு வயதை எப்போதும் காலம்தான் கொடுத்தது என்றும் நினைக்காதீர்கள். என் சின்னம்மாவைச் சொல்கிறேன். தொண்ணூறாம் ஆண்டு சித்தப்பா போனார். எப்படிப் போனார் என்று இந்த ஊரில் நான் விளக்கத் தேவையில்லை. சின்னம்மாவுக்கு அப்போது இருபத்தேழு வயது. தலையில் ஒரு வெள்ளையும் இல்லை. ஆனால் அடுத்த மாதத்திலிருந்து பூ இல்லை, பொட்டு இல்லை, வெளிறிய சேலை, கல்யாண வீட்டில் கடைசி வரிசை. இருபத்தேழில் கிழவியாக்கினோம். உடம்பில் இல்லாத முதுமையைக் கொண்டுவந்து பூசியது நாங்கள். அந்தப் பூச்சை ஏமாற்று என்று யாரும் பட்டிமன்றம் வைக்கவில்லை.

மகள் படித்து உழைக்கத் தொடங்கிய பிறகு, ஐம்பத்திரண்டாவது வயதில், சின்னம்மா முதல்முறையாக டை பூசினார். வீட்டுக்கு வந்த உறவுக்காரி ஒருவர், "இந்த வயசில ஆருக்குக் காட்ட?" என்று கேட்டார். சின்னம்மா தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டுச் சொன்னார்: "எனக்குத்தான். இருவத்தேழில என்னைக் கண்ணாடி பாக்க விட்டனீங்களே? இப்பதான் பாக்கத் தொடங்கியிருக்கிறன்."

உறவுக்காரி தேத்தண்ணி குடிக்காமலே போய்விட்டார்.

மணி அடித்துவிட்டீர்கள் ஐயா, முடிக்கிறேன். சின்னம்மாவுக்கு இப்போது அறுபதைத் தாண்டிவிட்டது. அதோ, தூணோரம் இருக்கிறார். நேற்று இரவு அந்தத் தலைக்கு நான்தான் டை பூசிவிட்டேன், கையுறை இரண்டு சோடி போட்டுக்கொண்டு, மூச்சை அடக்கிக்கொண்டு. எல்லாம் முடிந்து கழுவித் துவட்டிய பிறகு பார்த்தால் காதுக்குப் பின்னால் கொஞ்சம் வெள்ளை விடுபட்டுக் கிடக்கிறது. இன்னொருக்கால் குழைக்கவா சின்னம்மா என்று கேட்டேன். கைக்கண்ணாடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கிடக்கட்டும் பிள்ளை, அடுத்த முறைக்கும் உனக்கு வேலை வேணுமே" என்றார்.